பொருளின் இடமும் குழந்தையின் நினைவும்: ஓர் ஆராய்ச்சி வரலாற்று நோக்கு

வைத்த பொருளை வைத்த இடத்திலே தேடியெடுத்தல் மனித உள்ளத்தின் மிகச் சாதாரணமான செயல்களுள் ஒன்றாகும். சாதாரணமானதாய் இருந்தமையினாலேயே அது நெடுங்காலம் ஆராய்ச்சிக்குரியதெனக் கருதப்படவில்லை. செய்யுளை மனனஞ் செய்தல், எண்களை ஒப்புவித்தல், சொற்பட்டியலை மீட்டுரைத்தல் ஆகியனவே நினைவாற்றல் என்னும் பெயருக்கு உரியனவாய்க் கொள்ளப்பட்டன. 1885ஆம் ஆண்டிலே ஜேர்மன் அறிஞரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் நினைவு பற்றிய பரிசோதனைமுறை ஆய்வைத் தொடக்கி வைத்தபோது அவர் கையாண்டவையும் பொருளற்ற அசைகளே. ஏட்டையும் எழுத்தையும் சார்ந்த இம்மரபு, பேசத் தொடங்காத குழந்தையின் நினைவையோ எழுத்தின் துணையின்றி வாழ்ந்த சமூகத்தின் நினைவையோ அளப்பதற்கு ஏற்ற கருவியைக் கொண்டிருக்கவில்லை.

பொருளின் இடம் பற்றிய நினைவை ஆராய்வதற்குச் சொல் வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும். எட்டு மாதக் குழந்தையிடமும் எட்டு வயதுப் பிள்ளையிடமும் 'பொருள் எங்கே?' என்னும் ஒரே வினாவை எழுப்பலாம். இவ்வெளிய வினா கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகக் குழந்தை உளவியலின் மையமான பிரச்சினைகளுள் ஒன்றாய் விளங்கி வந்துள்ளது.

இவ்வாராய்ச்சியின் வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. குழந்தை தவறான இடத்தில் தேடும்போது அத்தவறு எதனைக் காட்டுகின்றது என்பதற்குக் காலத்துக்குக் காலம் வேறுபட்ட விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் அது குழந்தையின் உள்ளத்திலுள்ள குறைபாடாகவே கொள்ளப்பட்டது. பின்னர் பரிசோதனையின் அமைப்பும், பரிசோதகரின் நடத்தையும், குழந்தை வளர்ந்த சமூக வாழ்வும் அத்தவறிலே பங்குகொள்கின்றன என்பது படிப்படியாக உணரப்பட்டது. இம்மாற்றத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடும் விடயமன்று. எந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, எந்தச் சமூகத்தின் பிள்ளைகள் பின்தங்கியோர் என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் சோதனைகளின் கையில் இருக்கும்வரை, அச்சோதனைகள் எதனை அளக்கின்றன என்னும் வினா ஒரு சமூக வினாவாகவும் இருத்தல் தவிர்க்கவியலாதது.

1. ஒரே ஏணியில் விலங்கும் குழந்தையும்

இத்துறையின் முதல் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்கரான வோல்டர் ஹன்ரர் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வாகும். பல வழிகளுள் ஒன்றிலே விளக்கு எரியும். அவ்வழியே சென்றால் உணவோ வேறு பரிசோ கிடைக்கும் என்பது முன்னரே பழக்கப்பட்டிருக்கும். விளக்கு அணைந்த பின் சிறிது நேரம் தடுத்து வைத்து, அதன்பின்னரே செல்ல விடுவர். எவ்வளவு நேரம் கழிந்த பின்னும் சரியான வழியைத் தெரிந்தெடுக்க முடிகின்றது என்பதே அளவீடு. எலிகள் ஏறத்தாழ 10 செக்கனும், ரக்கூன் என்னும் விலங்குகள் 25 செக்கனும், நாய்கள் 5 நிமிடமும் தாக்குப்பிடித்தன. குழந்தைகளுள் மூத்தோர் 25 நிமிடம் வரை சென்றும் தவறவில்லை. இளையோரின் எல்லை மிகக் குறுகியதாயிருந்தது.

இவ்வாய்விலே கண்ட நுட்பமான செய்தி வேறொன்றாகும். எலியும் நாயும் உடலை விளக்கிருந்த திசைநோக்கி வைத்திருந்தே வெற்றி கண்டன. உடலின் நிலை கலைந்தால் நினைவும் கலைந்தது. குழந்தைகளோ திரும்பியும் விளையாடியும் இருந்துவிட்டு உரிய இடத்துக்குச் சென்றனர். உடலிலே தங்கியிருந்த இடம், உள்ளத்திலே தங்கும் இடமாக மாறுகின்றது என்பதை ஹன்ரர் கண்டுகொண்டார் எனலாம். எனினும் விலங்கினங்களையும் குழந்தைகளையும் ஒரே ஏணியின் படிகளிலே வரிசைப்படுத்தி நோக்கும் சிந்தனை முறையையும் இவ்வாய்வு வலுப்படுத்திற்று. அந்த ஏணி பின்னர் மனிதரை மனிதரோடு ஒப்பிடுவதற்கும் பயன்படலாயிற்று.

2. பியாஜேயின் கண்டுபிடிப்பு

சுவிற்சர்லாந்து அறிஞரான ஜீன் பியாஜே தம் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலே நாள்தோறும் கூர்ந்து நோக்கி எழுதிய குறிப்புகள் குழந்தை உளவியலின் போக்கையே மாற்றின. 1937ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவரது நூலொன்று, குழந்தை தன் உலகின் பொருள்களையும் இடத்தையும் எவ்வாறு கட்டியமைக்கின்றது என்பதை ஆராய்கின்றது. 10 மாதப் பருவத்தில் இருந்த அவரது மகள் மெத்தைமீது அமர்ந்திருந்தபோது, ஒரு பொம்மைக் கிளியை மெத்தையின் கீழே இடப்பக்கத்தில் இருமுறை மறைத்தார். குழந்தை இருமுறையும் எடுத்துக்கொண்டது. மூன்றாம் முறை, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கவே, வலப்பக்கத்தில் மறைத்தார். குழந்தை மீண்டும் இடப்பக்கத்திலேயே தேடிற்று.

ஏறத்தாழ 8 மாதம் முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைகள் இவ்வாறு தவறுவதை உலகின் பல பாகங்களிலும் ஆய்வாளர் கண்டுள்ளனர். பியாஜே இதற்குக் கொடுத்த விளக்கம் ஆழமானது. அப்பருவத்துக் குழந்தைக்குப் பொருள் என்பது தனித்து நிலைபெறும் ஒன்றன்று. 'நான் தேடிக் கண்டெடுத்த இடத்திலுள்ள பொருள்' என்றே அது அறியப்படுகின்றது. பொருளும் இடமும் தன் செயலும் இன்னும் பிரிக்கப்படவில்லை. அறிவு பிறப்பிலேயே முழுமையாய் அமைந்ததன்று, புறவுலகின்மீது செய்யும் செயலினூடாகவே அது உருவாகின்றது என்னும் அவரது அடிப்படைக் கருத்து இதனால் வலுப்பெற்றது. இக்கருத்தின் முற்போக்கான பக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆயினும் தவறு முழுவதும் குழந்தையின் உள்ளத்துக்கே உரியதாகக் கொள்ளப்பட்டமையையும் குறிப்பிடுதல் வேண்டும்.

3. தவறு யாருடையது?

1980களில் இவ்விளக்கம் பல பக்கங்களிலிருந்தும் கேள்விக்குள்ளாயிற்று. அடெல் டயமண்ட் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, ஒரே குழந்தைகளை இரு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து, மறைத்தலுக்கும் தேடலுக்கும் இடையிலான தாமதத்தை மாற்றிப் பார்த்தார். ஏழரை மாதத்தில் 2 செக்கனுக்குக் குறைந்த தாமதமே தவறை விளைவித்தது. 12 மாதத்தில் அதற்கு 10 செக்கனுக்கு மேல் வேண்டியிருந்தது. அதாவது மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 செக்கன் என்ற அளவில் தாங்குதிறன் கூடிற்று. 1930களில் மூளையின் முன்நுதற் பகுதி அகற்றப்பட்ட குரங்குகள் இத்தகைய தாமதச் சோதனையில் தவறியமை அறியப்பட்டிருந்தது. டயமண்டும் பற்றீசியா கோல்ட்மன்-ராக்கிச்சும் 1989இல் குழந்தைகளையும் குரங்குகளையும் ஒப்பிட்டு, அப்பகுதியின் முதிர்ச்சியே இவ்வளர்ச்சிக்கு ஆதாரமாகலாமெனக் காட்டினர். குழந்தைக்குப் பொருள் பற்றிய கருத்து இல்லை என்பதிலும், நினைவைப் பேணிக்கொண்டு பழகிய கையசைவை அடக்குவதே அதற்குக் கடினம் என்பது பொருத்தமான விளக்கமாயிற்று.

ரெனே பயார்ஜோனும் அவருடன் பணியாற்றியோரும் தேடுதலையே சோதனையிலிருந்து நீக்கினர். பொருள் மறைக்கப்படாத இடத்திலிருந்து ஒரு கை அதனை வெளியே எடுப்பதுபோற் காட்டி, குழந்தை எவ்வளவு நேரம் நோக்குகின்றது என்று கணித்தனர். 70 செக்கன் கழிந்த பின்னரும் 8 மாதக் குழந்தைகள் அந்த 'நடக்கவியலாத' நிகழ்ச்சியை நீடித்து நோக்கியதாக 1989இல் அறிவிக்கப்பட்டது. கை தவறிய வயதிலே கண் தவறவில்லை. நீடித்த பார்வையை அறிவுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பது இன்றும் விவாதத்துக்குரியதே. ஆனால் சோதனை எந்த உறுப்பை வினவுகின்றதோ அதற்கேற்ப விடையும் மாறுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

லிண்டா ஸ்மித்தும் எஸ்தர் தீலனும் 1999இல் இன்னும் ஒருபடி சென்றனர். மறைப்பதற்குப் பொருளே இல்லாமல் இரு மூடிகளை மட்டும் வைத்துச் சோதித்தபோதும் அதே தவறு நிகழ்ந்தது. முதலிடத்தை அமர்ந்தவாறு தேடிய குழந்தையை, இரண்டாம் இடத்தைத் தேடும்போது நிற்கச் செய்தால் தவறு குறைந்தது. உடலின் நிலை மாறியதும் பழைய கையசைவின் பிடி தளர்ந்தது என்பதே இதற்கு அவர்கள் தந்த விளக்கம். எலியின் உடலிலே ஹன்ரர் கண்டதன் சாயலை இங்கு நாம் மீண்டும் காண்கின்றோம்.

2008இல் ஹங்கேரிய ஆய்வாளர் தொபாலும் பிறரும் பரிசோதகரின் நடத்தையை நோக்கினர். வழமையான சோதனையிலே பரிசோதகர் குழந்தையின் கண்ணைப் பார்த்து, அழைத்து, பேசியே பொருளை மறைக்கின்றார். இவ்வழைப்பைத் தவிர்த்தபோது 10 மாதக் குழந்தைகளின் தவறு பெரிதும் குறைந்தது. 'பெரியவர் எனக்கு ஏதோ கற்பிக்கின்றார். இப்பொருளுக்கு உரிய இடம் இதுவே' என்று குழந்தை கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இது முற்றாக ஏற்கப்படாவிடினும், ஆய்வுகூடத்தில் இருப்பது தனித்த உள்ளமன்று, மனித உறவிலே நிற்கும் குழந்தை என்பதை நினைவூட்டுகின்றது.

4. நடக்கும் குழந்தையின் உலகு

குழந்தை தவழவும் நடக்கவும் தொடங்கியதும் பிரச்சினை புதிய வடிவம் பெறுகின்றது. தான் இடம்பெயர்ந்தால் இடமும் வலமும் மாறும். பொருளின் இடமோ மாறாது. 1978இல் லிண்டா அக்ரிடோலோ 6, 11, 16 மாதக் குழந்தைகளை ஓர் அறையிலே வைத்து, இரு சாளரங்களுள் ஒன்றிலே கவர்ச்சியான நிகழ்ச்சியொன்றை எதிர்பார்க்கப் பழக்கினார். பின்னர் குழந்தையை எதிர்ப்புறத்துக்குக் கொண்டு சென்றார். 6 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பழகிய பக்கத்துக்கே திரும்பினர். 16 மாதக் குழந்தைகள் சரியான சாளரத்தை நோக்கினர். ஆனால் மறு ஆண்டிலே அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் கருத்திற் கொள்ளத்தக்கது. 9 மாதக் குழந்தைகளைச் சொந்த வீட்டிலே சோதித்தபோது, அறிமுகமற்ற இடத்தில் தவறிய அளவுக்கு அவர்கள் தவறவில்லை. பழகிய சுவரும் கதவும் நினைவுக்குத் துணைநின்றன. எனவே ஒரு வயதெல்லையைக் கூறும்போது, எந்த இடத்தில் அளந்த வயதெல்லை என்பதையும் கூறுதல் வேண்டும்.

ஜனெலன் ஹட்டன்லோக்கரும் நோரா நியூகொமும் நீண்ட மணற்பெட்டியொன்றிலே பொருளைப் புதைத்துத் தேடச் செய்தனர். அடையாளம் எதுவுமில்லாத மணலிலும் 16 மாதக் குழந்தைகள் உரிய இடத்துக்கு அண்மையிலேயே தோண்டினர் என்பது 1994இல் வெளியான முடிவு. பெட்டியைச் சுற்றி மறுபக்கம் சென்று தேடும்போது, அறையிலுள்ள தூர அடையாளங்களைத் துணைக்கொள்ளும் திறன் ஏறத்தாழ 22 மாதமளவிலேயே தோன்றியதாக 1998இல் அறிவித்தனர். தூரத்தை அளத்தல் ஒரு காலத்திலும், பல அடையாளங்களுக்கிடையே இடத்தை நிர்ணயித்தல் மற்றொரு காலத்திலும் கைவருகின்றன. ஆகவே இடநினைவு என்பது ஒரே ஆற்றலன்று. வெவ்வேறு வேகத்தில் முதிரும் பல ஆற்றல்களின் கூட்டு.

1987இல் ஜூடி டிலோச் வெளியிட்ட பரிசோதனை இக்கூட்டிலே குறியீட்டின் பங்கை வெளிப்படுத்திற்று. ஓர் அறையின் சிறிய மாதிரியிலே சிறு பொம்மையொன்றை மறைத்துக் காட்டி, பெரிய அறையில் அதே இடத்தில் மறைக்கப்பட்டுள்ள பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் வெற்றி கண்டனர். இரண்டரை வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றனர். ஆனால் சிறு பொம்மை எங்கே மறைக்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்திருக்கவில்லை. மாதிரிக்குத் திரும்பியதும் அதனைத் தவறாது எடுத்தனர். நினைவு இருந்தது, ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்ற உணர்வே இருக்கவில்லை. 1997இல் வெளியான தொடர் ஆய்விலே, ஒரு பொறி அறையையே சுருக்கிவிட்டதாக அதே வயதுப் பிள்ளைகளுக்குக் கூறியபோது அவர்கள் வெற்றி பெற்றனர். குறியீட்டுறவு நீங்கி, சுருங்கிய அதே அறை என்றாகிவிட்டது.

5. பள்ளி வயதும் பண்பாடும்

பள்ளிப் பருவத்துக்கு வருகையில் ஆராய்ச்சி உபாயங்களை நோக்கித் திரும்பியது. 1966இல் ஜோன் பிளாவலும் அவர் துணைவரும் 5 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி நினைவிற் கொள்ளச் செய்து, அவர்களின் உதட்டசைவைக் கவனித்தனர். மூத்த பிள்ளைகள் பெயர்களைத் தமக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லினர். இளையோருட் பெரும்பாலோர் அவ்வாறு செய்யவில்லை. நினைவின் வளர்ச்சி என்பது பெரிதும் சொல்லால் நினைவைப் பேணக் கற்றல் என்ற கருத்து இதனாற் பரவியது. இதற்கு எதிராக, இடம் பற்றிய நினைவு முயற்சியின்றித் தானாகவே பதிவது, ஆகவே வயதோடு மாறாதது என்று ஹாஷரும் சாக்ஸும் 1979இல் வாதிட்டனர். பின்வந்த ஆய்வுகள் பல வயது வேறுபாட்டைக் கண்டமையால் இவ்வாதம் அப்படியே நிலைக்கவில்லை.

இவ்விரு நிலைப்பாடுகளும் பெரிதும் மேலைநாட்டுப் பிள்ளைகளையே ஆதாரமாகக் கொண்டிருந்தன. இந்நிலையிலேயே மேற்கு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூடித் கேரின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வு வருகின்றது. எமது கருத்தில், இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே.

அவுஸ்திரேலிய ஆதிக்குடி மக்கள் நெடுங்காலமாக நுண்மதிச் சோதனைகளால் இழிவாக மதிப்பிடப்பட்டு வந்தவர்கள். 1931இல் ஸ்ரான்லி போர்ட்டியஸ் அவர்களைப் பற்றி எழுதிய நூல் 'புராதன மக்கள்' என்ற அடைமொழியைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. கேரின்ஸ் செய்தது எளிய சோதனை. 20 பொருள்கள் கட்டங்களில் அடுக்கப்படும். பிள்ளை 30 செக்கன் நோக்கும். பின் அவை கலைக்கப்படும். முன்போல அடுக்க வேண்டும். சில அடுக்குகளில் வெவ்வேறு பொருள்கள் இருந்தன. சிலவற்றில் கற்கள் மட்டுமே, அல்லது போத்தல்கள் மட்டுமே இருந்தன. பாலைநில ஆதிக்குடிப் பிள்ளைகள் எல்லா அடுக்குகளிலும் வெள்ளையினப் பிள்ளைகளைவிடச் சிறந்து விளங்கினர். வெள்ளையினப் பிள்ளைகள் உதட்டசைத்துப் பெயர்களைச் சொல்லி மனதிலிருத்த முயன்றனர். பெயரால் வேறுபடுத்தவியலாத கற்களின் முன்னே அவர்களின் உபாயம் பயனற்றுப் போயிற்று. ஆதிக்குடிப் பிள்ளைகளோ அசையாது அமர்ந்து, பேசாது நோக்கி, நிதானமாய் அடுக்கினர். கற்களும் பிறவும் அவர்களுக்கு ஒன்றேபோல் இருந்தன.

இதன் விளைவை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பிளாவலின் அளவுகோலின்படி உதடசைக்காத பிள்ளை இன்னும் முதிராத பிள்ளை. கேரின்ஸின் அறையிலே உதடசைக்காத பிள்ளையே கூடிய வெற்றி பெற்றது. ஒரு பண்பாட்டின் பள்ளிக்கூடம் பழக்கிய உபாயம், மனித வளர்ச்சியின் பொதுப் படியாகத் தவறாகக் கொள்ளப்பட்டிருந்தமை இதனால் வெளிப்பட்டது. நிலையான அடையாளங்கள் குறைந்த பாலைநிலத்திலே நீர் கிடைக்கும் இடங்களை நினைவில் வைத்திருத்தல் உயிர் வாழ்தலோடு தொடர்புடையது என்பதைக் கேரின்ஸ் சுட்டினார். இவ்வாற்றலிலே பரம்பரைக்கும் வளர்ப்புக்கும் உள்ள பங்கு பற்றி விவாதம் எழுந்தது. ஓர் இனத்தைத் தாழ்த்துவதற்குப் பரம்பரையைத் துணைக்கொள்ளுதல் தவறாயின், உயர்த்துவதற்குத் துணைக்கொள்ளும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

1982இல் பார்பரா ரோகொஃபும் வடெலும் குவாத்தமாலாவின் மாயா இனப் பிள்ளைகளையும் ஐக்கிய அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். இருசாராரும் 9 வயதினர். மலையும் வீதியும் வீடுகளும் கொண்ட ஒரு சிறு காட்சியமைப்பில் 20 சிறு பொருள்கள் வைக்கப்பட்டு, பின் அகற்றப்பட்டன. அவற்றை உரிய இடங்களில் மீள வைப்பதிலே மாயாப் பிள்ளைகள் சற்றும் பின்தங்கவில்லை. சிறிது மேம்பட்டும் இருந்தனர். தொடர்பற்ற சொற்களை ஒப்புவிக்கும் சோதனைகளிலே பள்ளிக்கல்வி குறைந்த சமூகப் பிள்ளைகள் பின்தங்கியதாக முன்னர் கூறப்பட்டதை இதனோடு ஒப்பிட்டால், மாறியது பிள்ளையன்று, கேட்கப்பட்ட வேலையே என்பது தெளிவாகும். உயர்நிலை நினைவு சமூகம் தந்த கருவிகளாலும் குறிகளாலும் உருவாகின்றது என்று விகொட்ஸ்கியும் லெயொன்ரியெவும் 1930களின் தொடக்கத்திலேயே கூறியிருந்தனர். கேரின்ஸும் ரோகொஃபும் கண்டவை அக்கருத்துக்குப் புதிய பொருள் தருகின்றன.

மொழியும் இத்தகைய கருவியே. 2006இல் டேனியல் ஹவுனும் பிறரும் குவளைகளின் கீழே பொருளை மறைத்து, பிள்ளையை மறுபுறத்து மேசைக்கு அழைத்துச் சென்று, ஒத்த இடத்தில் தேடச் செய்தனர். 4 வயது ஜேர்மன் பிள்ளைகளும் மனிதக் குரங்குகளும் சூழலைச் சார்ந்த ஒழுங்கையே எளிதிற் பின்பற்றினர். 8 வயதளவிலோ, நெதர்லாந்துப் பிள்ளைகள் தம் உடலின் இடம்வலத்தைப் பின்பற்றினர்; நமீபியாவின் ஹையொம் இனப் பிள்ளைகள் சூழலின் ஒழுங்கையே தொடர்ந்து பின்பற்றினர். ஒவ்வொரு சமூகமும் இடத்தைப் பற்றிப் பேசும் முறைக்கு இது ஒத்திருந்தது. தமிழரும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவரல்லர். 1990களில் எரிக் பெடர்சன் மதுரைப் பகுதியிலே வளர்ந்தோரை ஆராய்ந்து, கிராமத்தவர் சிறு பொருள்களின் இடத்தையும் வடக்கு, தெற்கு என்று சுட்டுவதையும், நகரத்தவர் இடம், வலம் என்று சுட்டுவதையும் காட்டினார். ஒரே மொழியைப் பேசுவோரிடையேயும் வாழ்க்கை முறை இடநினைவின் ஒழுங்கை வேறுபடுத்தலாம் என்பது இதனாற் பெறப்படும்.

6. முடிவுரை

மூளையின் முதிர்ச்சியை மறுப்பது எமது நோக்கமன்று. ஏழரை மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் இடையே, இரண்டரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே, எச்சமூகத்திலும் பெரும் வேறுபாடு உண்டு. முதலிரு ஆண்டுகளிலே இம்முதிர்ச்சியின் பங்கு மிகுதி. ஆனால் வயது ஏறஏற, எதனை நினைவில் வைத்திருக்கக் குழந்தையிடம் வாழ்க்கை கோருகின்றது என்பதன் பங்கு கூடிக்கொண்டே செல்கின்றது. ஹன்ரரின் ஒற்றை ஏணி இவ்வளர்ச்சியை விளக்கப் போதாது.

இதிலிருந்து கல்விக்குப் பெறப்படும் பாடம் எளியது. ஆயினும் நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படுவது. சோதனையொன்றில் ஒரு பிள்ளை தோற்றால், அப்பிள்ளையைப் பற்றி முடிவு கூறுமுன் அச்சோதனையைப் பற்றியே மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது எந்த உறுப்பை, எந்த உபாயத்தைக் கேட்கின்றது? பழகிய இடத்திலா, அந்நிய இடத்திலா கேட்கின்றது? யாருடைய பிள்ளைகளின் பழக்கத்தை அளவாகக் கொண்டு அமைக்கப்பட்டது? மீனவர் பிள்ளையும் தோட்டத் தொழிலாளர் பிள்ளையும் வகுப்பறைக்கு வரும்போது வெறும் உள்ளத்தோடு வருவதில்லை. தத்தம் இடத்தின் ஒழுங்கைக் கண்ணிலும் காலிலும் கொண்டே வருகின்றனர். அதனை அறிந்துகொள்ளும் சோதனையை நாம் இன்னும் ஆக்கவில்லையெனின், அக்குறையை அப்பிள்ளைகளின் கணக்கில் எழுதுவதற்கு எமக்கு உரிமையில்லை.